கூட்டாமல் விட்ட மா

வெள்ளவத்தை
12.03.1996

திருமதி றலியா ஸவாஹிர் அவர்களுக்கு,

உங்கள் கணவரின் மரணத்துக்கு என் அனுதாபம். இதைப் பலரும் சொல்லிச் சலித்திருப்பார்கள், ஆகையால் நீட்டவில்லை.

என் பெயர் பெரியதம்பி. தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் அரசாங்கப் பொறியியலாளர். பெப்ரவரி 19ஆம் தேதி கொட்டாஞ்சேனையில் உங்கள் அரிசி மா மில் வெடித்து, உங்கள் கணவர் ஸவாஹிரும் வேலையாட்கள் இருவரும் இறந்ததை விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போன வாரம் உங்கள் வீட்டு வாசல் படலை வரை வந்தேன். நீங்கள் இத்தாவில் இருப்பதாகவும், கணவனை இழந்த பெண்ணுக்குரிய அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண் எவரையும் காண மாட்டீர்கள் என்றும் உங்கள் அண்ணன் ஸமீம் காக்கா சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். மழையில் நிறுத்தி வைத்துச் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

கோட்டையில் மத்திய வங்கிக் குண்டு வெடித்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். ஆகவே இதுவும் குண்டுதான் என்று பொலிஸ் முடிவுகட்டிவிட்டது. மில்லில் வேலை செய்த அழகர், வெடிப்பதற்குச் சற்று முன் வெளியே போயிருக்கிறான். அந்த ஒரு காரணத்துக்காக அவனைப் பிடித்துத் தடுப்புக் காவலில் போட்டிருக்கிறார்கள்.

நான் அந்த இடத்தைத் துருவிப் பார்த்தேன். அது குண்டு இல்லை. காற்றில் பறந்த மாத் தூசு தீப்பற்றி வெடித்திருக்கிறது. இதை நிரூபிக்க வேண்டுமானால், கூரையைத் தாங்கும் மரங்களில் எவ்வளவு மா படிந்திருந்தது, அவற்றைக் கடைசியாக எப்போது கூட்டினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். உள்ளே இருந்த மூவரும் இல்லை. அழகரைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. உங்கள் கணவர் வீட்டுக்கு வந்து மில்லைப் பற்றிக் கதைக்காமலா இருந்திருப்பார்? மில்லை அவர் சுத்தமாக வைத்திருக்கவில்லை என்பது எரிந்த மரங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகையால் மறைக்காமல் எழுதுங்கள்.

இ. பெரியதம்பி


கொட்டாஞ்சேனை
19.03.1996

பெரியதம்பி ஐயாவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவது எங்கள் வழக்கம். உங்கள் சுகத்தில் எனக்கு அக்கறை இல்லாதபடியால் அதை விட்டுவிடுகிறேன்.

மா வெடிக்குமா? இடியப்பத்துக்கும் புட்டுக்கும் மா வறுத்து வறுத்துக் காய்த்துப்போன கை இது. அடுப்பில் மா கொட்டினால் கருகும், நாறும். வெடித்ததை நான் கண்டதில்லை. உங்கள் படிப்பு சொல்வது சரியென்றால் கொட்டாஞ்சேனையில் ஒரு குசினிகூட மிஞ்சியிருக்கக் கூடாது.

சுத்தமில்லை என்று எழுதக் கை கூசவில்லையா? கை கால் முகம் கழுவி ஒளூ செய்யாமல் மில் கதவைத் திறக்காத மனிதரைப் பற்றி எழுதுகிறீர்கள்.

உள்ளே இருந்தவர்கள் மூன்று பேரும் நோன்பாளிகள். மூன்று பேரும் மௌத்து. வெளியே போனவன் அழகர். அவன் உயிரோடு இருக்கிறான். இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது?

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் இருந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போ என்றது உங்கள் தமிழ் இயக்கம். தலைமுறை தலைமுறையாக இருந்த இடம். தோளில் துவக்கோடு நின்ற பொடியன் ஒருவன் என் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கினான். எங்களோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் படலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வந்து வெறுங்கையோடு தொடங்கி என் கணவர் ஒரு மில்லை நிமிர்த்தினார். அதையும் உங்கள் ஆட்கள் விட்டுவைக்கவில்லை. இப்போது நீங்கள் வந்து அனுதாபம் என்கிறீர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தமிழனைத் தமிழன் காப்பாற்றப் பார்க்கிறான், வேறொன்றுமில்லை.

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தோறும் அந்த மூவரையும் அநியாயமாகக் கொல்லப்பட்ட தியாகிகள், ஷஹீதுகள் என்று சொல்லித் துஆ கேட்கிறார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் மா என்று மாற்றி எழுத விடமாட்டேன்.

இதற்குப் பதில் தேவையில்லை.

றலியா


வெள்ளவத்தை
27.03.1996

திருமதி றலியா அவர்களுக்கு,

பதில் உங்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். எனக்குத் தேவை இருக்கிறது, அழகருக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது.

குவிந்து கிடக்கும் மா வெடிக்காது. நீங்கள் சொன்னது சரி. குவியலுக்குள் காற்றுப் போகாது, அதனால் அது கருகத்தான் செய்யும். அதே மா தூசாகக் கிளம்பி ஓர் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கும். அப்போது ஒரு சிறு நெருப்பு போதும், அத்தனையும் ஒரே மூச்சில் எரியும். அறை மூடியிருந்தால் அந்தச் சூட்டுக்கு வழி இருக்காது. சுவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

நான் கண்டதைச் சொல்கிறேன். குண்டு வைத்த இடத்தில் பள்ளம் இருக்கும். இங்கே ஒரு சாண் பள்ளம்கூட இல்லை. நாலு சுவரும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. தகரக் கூரை அப்படியே எழும்பிப் பக்கத்து வளவில் கிடக்கிறது. அரைக்கிற மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆனால் அதன் அச்சைத் தாங்கும் பெயாரிங் எண்ணெய் வற்றிச் சூடேறி நீலம் பாரித்துப்போயிருக்கிறது. நெருப்பு அங்கேதான் தொடங்கியது. எதிர்க் கடைக்காரர் இரண்டு சத்தம் கேட்டாராம். முதலில் கதவை அறைந்தது போல ஒன்று, பின்னாலேயே காதடைக்கும்படி மற்றது. முதல் சத்தம் மெஷினடியில் சிறிதாகப் பற்றியது. அது உலுக்கிய உலுக்கில் கூரை மரங்களில் இருந்த மா முழுவதும் கொட்டிப் பறந்து பற்றியது. மூவரையும் கொன்றது அந்த இரண்டாவதுதான். ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அறைந்திருந்தது. ஜன்னலாவது திறந்திருந்தால் வேகத்தில் பாதி வெளியே போயிருக்கும். யார் அறைந்தது, எதற்கு?

இதையெல்லாம் பொலிசில் சொன்னேன். "பிட்டி புப்புரனவாத, மாத்தயா?" என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். மா வெடிக்குமா ஐயா என்று நீங்கள் கேட்டதையே சிங்களத்தில் கேட்டார். பிறகு என் அடையாள அட்டையை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டு, அழகர் எனக்கு என்ன உறவு என்று பகல் முழுக்க விசாரித்தார்கள். உங்கள் கேள்விதான் அதுவும். அவர்களுக்கும் உங்களுக்கும் நல்ல பொருத்தம்.

சோனகத் தெருவில் நடந்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். அதற்குச் சமாதானம் சொல்ல வரவில்லை. எண்பத்துமூன்றில் இதே வெள்ளவத்தையில் என் வீட்டை எரித்தார்கள். எரித்தவர்களுக்கும் குற்றவாளி யார் என்பது விசாரிக்காமலே தெரிந்திருந்தது. உங்கள் காதுத் தோட்டைக் கழற்றியவன் அழகர் இல்லை. அவன் தலவாக்கலைத் தோட்டத்தில் பிறந்தவன், யாழ்ப்பாணத்தைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

மே மாதம் முப்பதாம் தேதி நீதவான் முன் மரண விசாரணை நடக்கிறது. அன்றைக்கு மா என்று என்னால் நிரூபிக்க முடியாமல் போனால், காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடுவார்கள். தெரியாத காரணம் என்றால் பொலிசின் அகராதியில் குண்டுதான். அதற்குப் பிறகு அழகர் எந்தக் காலத்தில் வெளியே வருவான் என்று அவனைப் படைத்தவனுக்கும் தெரியாது.

பெரியதம்பி


கொட்டாஞ்சேனை
10.04.1996

பெரியதம்பி ஐயாவுக்கு,

பெண்கள் என்னைப் பார்க்க வரலாம் என்பதை யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேற்று அழகரின் மனைவி சீனியம்மா வந்தாள். முன்னறையில் நிலத்தில் இருந்துகொண்டு அழுதாள். நான் அழவில்லை.

"உன்ட புருஷன் அந்த நேரம் பாத்து ஏன் வெளியில போனவன்?" என்று கேட்டேன்.

"சோறு திங்கப் போனாருங்கம்மா. நோம்பு புடிக்கிறவங்க முன்னாடி வாயத் தொறந்து திங்கக் கூடாதுன்னு, அந்த மாசம் முச்சூடும் வெளிய போயித்தான் திம்பாரு. பச்சத் தண்ணிகூட உள்ள வச்சிக் குடிக்க மாட்டாரு. மொதலாளி உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"இல்ல" என்றேன்.

"சொல்லியிருப்பாரும்மா" என்றாள். நல்ல துணிச்சல். என் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, என் கணவர் என்னிடம் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று எனக்கே சொல்கிறாள். எழும்பிப் போகச் சொன்னேன். இது நீங்கள் எழுதிக்கொடுத்த நாடகமென்றால், நடிக்கத் தெரிந்த ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

மில் சுத்தமில்லை என்ற உங்கள் சொல்லை நான் மறக்கவில்லை. அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் கிழமைக்கொரு தரம் மேல் மரங்களைக் கூட்டுவார்கள். ரமழான் வந்துவிட்டால், நோன்பு பிடித்தவர்களின் தொண்டைக்குள் மா பறந்துபோய் விழக் கூடாதென்று அந்தக் கூட்டும் வேலையையே நிறுத்திவைப்பார் என் கணவர். மாதம் முடிகிற நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் பெருநாளுக்கு மில்லைப் பூட்டுவார். தொடங்கிய வருஷத்திலிருந்து இப்படித்தான். உங்கள் பெரிய தொழிற்சாலைக்காரர்களில் ஒருவர் தன் ஆட்களின் தொண்டையைப் பற்றி இந்த அளவுக்கு யோசித்திருப்பாரா? ஜன்னல் பலகையைக் கேட்டீர்கள். கோட்டைக் குண்டில் கண்ணாடி தெறித்து எத்தனையோ பேருக்குக் கண் போனது. தன் ஆட்களுக்கு அப்படி ஒன்று வரக் கூடாதென்று நோன்போடு ஏணியில் ஏறித் தன் கையால் அறைந்தார். இந்த மனிதரைப் பற்றித்தான் நீங்கள் அறிக்கை எழுதப் பார்க்கிறீர்கள்.

றலியா


வெள்ளவத்தை
15.04.1996

திருமதி றலியா அவர்களுக்கு,

என்ன எழுதினீர்கள் என்பது உங்களுக்கு விளங்கியதோ தெரியவில்லை. ஒரு மாதம் முழுவதும் தேடியதை நீங்கள் பெருமையாக எடுத்துக் கையில் தந்துவிட்டீர்கள்.

ஒரு மாதத்து மா மேலே. ஜன்னல்களுக்குப் பலகை. பெருநாள் ஓர்டருக்காக ஓய்வில்லாமல் ஓடிய மெஷின். அன்று காலையில்தான் மேலே கூட்டத் தொடங்கினார்களா? கூட்டும்போது மெஷினை நிறுத்தினார்களா, இல்லையா? இந்த இரண்டையும் மட்டும் சொல்லிவிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் காட்டினால் பிரயோசனமில்லை. தமிழன் ஒருவன் தானே எழுதிக்கொண்டு வந்தது என்பார்கள். நீங்கள் நீதவான் முன் வந்து வாயால் சொல்ல வேண்டும். இத்தாவில் இருப்பவள் அவசியத்துக்கு வெளியே வரலாமா என்று மருதானையில் எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவரைக் கேட்டேன். வரலாமாம். கேட்டதோடு இன்னொன்றையும் கேட்டுவைத்தேன். தன்னை அறியாமல் தொண்டைக்குள் போகும் தூசால் நோன்பு முறியாதாம். உங்கள் கணவர் ஒரு தரம் அவரைக் கேட்டிருந்தால் இன்று மூன்று உயிர் மிஞ்சியிருக்கும்.

பெரியதம்பி


கொட்டாஞ்சேனை
22.04.1996

பெரியதம்பிக்கு,

எனக்கு மார்க்கம் படிப்பிக்க வந்துவிட்டீர்களா? திருநீறு பூசிக்கொண்டு மௌலவியைப் பிடித்து என் கணவரின் நோன்பை விசாரித்தீர்களா?

முறியாது என்று அவருக்குத் தெரியும். குழந்தைக்கும் தெரியும். விடியுமுன் ஸஹர் முதல் பொழுது சாயும் மஃரிப் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காதவனின் தொண்டை எப்படிக் காய்ந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அதில் மா போய் ஒட்டினால் இருமி இருமிக் குடல் வெளியே வரும். அலசிக் கொப்பளிக்கவும் பயப்படுவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நிறுத்தினார். அது இரக்கம். உங்கள் புத்தகத்தில் அந்தச் சொல் இருந்தால் தேடிப் பாருங்கள்.

இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள். எங்கள் மில் ஐந்து வருஷம் ஓடியது. ஒரு நாளாவது அதன் வாசலை நீங்கள் மிதித்தீர்களா? உங்கள் கந்தோரிலிருந்து ஒரு பியூனாவது வந்தானா? வேலையாட்களின் பதிவைப் பார்க்க ஆள் வந்தது. தராசைப் பார்க்க ஆள் வந்தது. மா வெடிக்கும், அதனால் மெஷினை நிறுத்திவிட்டுக் கூட்டு, ஜன்னலைத் திறந்து வை என்று சொல்ல ஒரு மனிதர் வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பார். சட்டம் என்று யார் எதைச் சொன்னாலும் கேட்கிற மனிதர் அவர். மூன்று பேரின் மையித்தையும் துணியில் கூட்டி அள்ளிய பிறகு படித்தவர் வருகிறார், பெயாரிங் நீலமாக இருக்கிறது என்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று உங்கள் ஆட்கள்தானே சொல்வார்கள்?

என்னால் வர முடியாது. காக்கா விடமாட்டார். விட்டாலும், என் கணவர்தான் இரண்டு பிள்ளைகுட்டிக்காரர்களைக் கொன்றார் என்று நான் ஊர் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்கிறீர்கள். உங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், இப்படிச் சொல்வாவா என்று.

றலியா


வெள்ளவத்தை
06.05.1996

திருமதி றலியா அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு வாரம் எடுத்திருக்கிறது. எழுதிக் கிழித்தேன், திரும்ப எழுதிக் கிழித்தேன்.

நாங்கள் வரவில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் எங்கள் சுற்றுப் பயணத்தில் இல்லை. பெரிய இடங்களுக்குப் போவோம், அவர்கள் தரும் தேத்தண்ணீரைக் குடிப்போம், கொதிகலனைப் பார்த்துக் கையொப்பமிடுவோம். மாத் தூசு வெடிக்கும் என்று நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். படித்ததை இந்தக் கொழும்பில் ஒரு மில்காரரிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை. மௌலவி விஷயத்தில் நான் எழுதியதும் பண்பில்லாத எழுத்து. என் மனைவி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்னோடு இன்றுவரை கதைக்கவில்லை.

இதனால் உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

போன வியாழக்கிழமை அழகரைப் பார்க்க ஒருவாறு அனுமதி கிடைத்தது. பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். அழகரின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன், நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேட்காமல் விட்டேன். அன்று மேலே கூட்டினார்களா என்று அழகரை இரண்டு தரம் கேட்டேன்.

"அம்மாவக் கேளுங்கய்யா. நான் சொன்னா எவன் நம்பப் போறான்? அம்மாவுக்கு எல்லாம் தெரியும்" என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு என்னைத் திட்டுகிறீர்கள். உங்களுக்கு என்ன தெரியும், றலியா?

பெரியதம்பி


கொட்டாஞ்சேனை
14.05.1996

பெரியதம்பி ஐயாவுக்கு,

நோன்பு தொடங்கி இரண்டாம் கிழமை, நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அழகர் வந்து நின்று, "எனக்கு நோம்பு இல்லீங்களே மொதலாளி, நீங்கள்லாம் தொழப் போற நேரத்துல நான் ஒத்தையா மேல கூட்டிப்புடுறேன்" என்று கேட்டானாம். இவர் மறுத்துவிட்டாராம். "நாங்க தொழப் போயிட்டு அவன மட்டும் தூசுக்குள்ள விடுறதா? அவனுக்கும் தொண்டைதானே றலியா இருக்கு" என்றார். அவன் பகலில் வெளியே போய்ச் சாப்பிடுவதையும் அன்றைக்குத்தான் சொன்னார். சீனியம்மாவுக்கு நான் இல்லை என்று சொன்னது பொய்.

19ஆம் தேதி ஸஹர் நேரம் அவர் சொன்னதையும் எழுதுகிறேன். "இண்டைக்கு மேல முழுக்கக் கூட்டி முடிக்கோணும். மெஷின நிப்பாட்டேலாது, பெருநாள் மா இன்னும் கிடக்கு, சனம் வந்து வெறுங்கையோட திரும்பிப் போகக் கூடாது" என்றார். போனார்.

இதைத்தானே கேட்டீர்கள்? நான் வந்து சொல்கிறேன். ஆனால் சும்மா வரமாட்டேன். அறிக்கையில் நீங்கள் ஒரு வசனம் எழுத வேண்டும். இந்த மில்லுக்கு எந்த அதிகாரியும் ஒரு நாளும் வந்ததில்லை, மா வெடிக்கும் என்று இந்த மனிதருக்கு எவரும் சொல்லவில்லை என்று எழுத வேண்டும். உங்கள் பெயரைப் போட்டு, உங்கள் கந்தோரின் பெயரைப் போட்டு எழுத வேண்டும். அவருடைய பிழையை நான் என் வாயால் சொல்வதென்றால், உங்கள் பிழையை நீங்கள் உங்கள் கையால் எழுதுங்கள்.

அழகர் மேல் அன்பு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு இரவில் நித்திரை இல்லை, அவ்வளவுதான்.

றலியா


வெள்ளவத்தை
20.05.1996

திருமதி றலியா அவர்களுக்கு,

எழுதிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது, கடைசிப் பந்தியைப் பாருங்கள். எங்கள் கந்தோர்ப் பெரியவர் கூப்பிட்டு அந்தப் பந்தியை எடுத்துவிடும்படி சொன்னார், முதலில் தயவாக, பிறகு வேறு மாதிரி. எடுக்கவில்லை. எனக்கு அனுராதபுரத்துக்கு மாற்றல் வருமென்று கந்தோரில் இப்போதே தேத்தண்ணீரோடு கதைக்கிறார்கள். உங்களுக்கு இதில் திருப்தி என்றால் தாராளமாகப் படுங்கள்.

முப்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்களுக்குக் கோபம் வரும்படி கேட்பார்கள். அந்தக் கோபத்தை எனக்காக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே காட்ட வேண்டாம்.

பெரியதம்பி


கொட்டாஞ்சேனை
04.07.1996

பெரியதம்பி ஐயாவுக்கு,

நீங்கள் நன்றி சொல்லி அனுப்பிய தபாலட்டை கிடைத்தது. உங்கள் நன்றியை நான் கேட்கவில்லை.

அன்று கோர்ட்டில் நீங்கள் தூரத்தில் நின்று பார்த்தீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது உங்களுக்குத் தெரியாது. காக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டார். இத்தா முடியாமல் வாசலைத் தாண்டினால் இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்றார். சீனியம்மாதான் திறீவீலர் பிடித்து வந்தாள். செக்பொயின்ற்றில் இறக்கி எங்கள் இருவரின் அட்டையையும் பார்த்தார்கள். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பை, சேலை என்று உலுப்பினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நீதவான் மொழிபெயர்ப்பாளரை வைத்து என்னிடம் இரண்டு தரம் கேட்டார், மெஷினை நிறுத்த வேண்டாம் என்று சொன்னது உங்கள் கணவர்தானா என்று. ஓம் என்றேன். இரண்டு தரமும் ஓம் என்றேன். பின் வரிசை வாங்கிலில் இருந்த என் மாமியார் எழும்பி வெளியே போனா. மௌத்தான வேலையாள் ஒருவரின் மனைவி அடுத்த நாள் வந்து, "உங்கட புருஷன்ட இரக்கத்தில எண்ட புருஷன் போயிட்டாரு" என்று படலையில் நின்று சத்தம் போட்டாள். நான் கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமைத் துஆவில் இப்போது இரண்டு பெயர்தான் வருகிறது. தீயில் மௌத்தானவரும் ஷஹீதுதான் என்று நபிகளின் ஹதீஸ் இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியாததல்ல. பரவாயில்லை, அவர் பெயரை நான் சொல்லிக் கேட்கிறேன்.

அழகரை விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் எழுதும் முன்பே எனக்குத் தெரியும். என் இத்தா முடிந்த மறுநாள் அவனும் சீனியம்மாவும் வந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலைக்கு வெளியே நின்றான். சீனியம்மா அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் கூட்டுறேன்னு சொன்னேன்லம்மா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அவன் நிற்கிறான், அவர் இல்லையே என்கிற கோபம். அது அநியாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. அவர்கள் போன பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் மௌத்தான நாளிலிருந்து அப்படி அழுததில்லை.

உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. அதனால் இனி எனக்கு எழுத வேண்டாம். மன்னிப்புக் கேட்டும் எழுத வேண்டாம். உங்களுக்கு மாற்றல் கடிதம் கிடைக்குமுன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. புறக்கோட்டையில் மிளகாயும் மல்லியும் அரைக்கிற இடங்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல என்னால் முடியாது. முகத்துவாரத்தில் என் மச்சானின் மா மில் இருக்கிறது, உள்ளே ஏழு பேர் வேலை செய்கிறார்கள். கோட்டைக் குண்டுக்குப் பிறகு அவரும் ஜன்னல்களுக்குப் பலகை அறைந்தார், இன்னும் கழற்றவில்லை. நான் ஆள் விட்டுச் சொன்னேன். புருஷனைக் காட்டிக்கொடுத்தவளின் பேச்சு தனக்குத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்கும்வரை போங்கள்.

அங்கேயும் நோன்பு மாதத்தில் மேலே கூட்டுவதில்லை. வருகிற ஜனவரியில் நோன்பு தொடங்குகிறது. அதற்கு முன் போங்கள்.

றலியா